நாயை விட்டுவிட்டான், உண்ணி வீட்டிலேயே இருக்கிறது



நீளமான பதிவு. முழங்கால் வலியோடு இரண்டு நாள் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன். பாதியில் ஓடுகிறவர்கள் இப்போதே ஓடலாம், அட்டெண்டன்ஸ் எடுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் நாயோ பூனையோ வைத்திருக்கிறவர்கள் உட்கார்ந்து படியுங்கள். குறிப்பாக நம் பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் "நாய் உண்ணிக்கு ஒரே நாளில் தீர்வு" என்று வந்ததைப் பார்க்காமலே பத்துக் குழுவுக்குத் தள்ளிவிட்ட புண்ணியவான்கள் முதல் பெஞ்சுக்கு வரவும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தாரக்குப்பம் கறிக்கடை ஓரம் ஒரு நாய் நின்றது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. தெருநாய்கள் நாலு அதைச் சுற்றி நின்று உறுமின, அது கடைக்காரரின் காலடியில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கழுத்தில் பட்டை இருந்த இடம் மட்டும் முடி தேய்ந்து வெளுத்திருந்தது. பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், பாருங்கள். நாய் வேண்டாம், முந்நூறு ரூபாய் பட்டை வேண்டும். காதுக்குள் உண்ணி, கொத்துக் கொத்தாக, பழுத்த ஆமணக்குக் கொட்டை மாதிரி.

எனக்கு அந்த நெற்றிக் கோடு தெரியும். பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்த நாய் அது. என் மாணவன் ஒருவனின் நாய், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். பெயர் எழுத மாட்டேன். படிக்கிறவனுக்குத் தெரியும்.

ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன். "பாப்பா இருக்கு டீச்சர். பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போட்டிருந்தான். வீட்ல ரெண்டு நாளா ஒரே சண்டை. கறிக்கடைப் பக்கம் விட்டா எலும்பாவது கிடைக்கும்னுதான்..." என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நாற்பது வயது ஆளைப் பெஞ்சு மேல் ஏற்ற முடியாதே.

இருபது நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "டீச்சர், நாய்தான் இல்லையே, இன்னும் சுவத்துல ஏறுது. ராத்திரி பாப்பாவுக்குக் கால் பூரா தடிப்புத் தடிப்பா இருக்கு. முன்னாடி இப்படிக் கடிச்சதே இல்ல."

அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு. அவனுக்கு மட்டும் சொன்னால் போதாது, இதே காரியத்தைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

ஒன்பதாம் வகுப்பில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் போட்டுப் பாகம் குறித்தீர்களே, அதே பாடம்தான் இதுவும். நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது ஒரு பகுதி மட்டும். தெள்ளுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக, பக்கவாட்டில் தட்டையாக, தொட்டால் குதித்து ஓடுமே, அது. பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டை இடும். முட்டை வழுவழுப்பானது, நாயின் முடியில் நிற்காது. நாய் எங்கே படுக்கிறதோ, எங்கே உடம்பை உதறுகிறதோ அங்கெல்லாம் உப்புத் தூவியது போல விழும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து பாய்க்கு அடியில், கட்டிலுக்கு அடியில், தரை விரிசலுக்குள் போகும். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டில் தூசி ஒட்டிக்கொள்வதால் தூசியோடு தூசியாகத்தான் தெரியும். நீங்கள் அடிக்கிற ஸ்பிரே அதற்குள் இறங்காது. ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் நாயின் மேல் இருப்பது நூற்றுக்கு ஐந்து போல. மீதி முட்டையாக, புழுவாக, கூடாக உங்கள் வீட்டுத் தரையில் இருக்கிறது.

கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருக்கும். எதற்கு? காலடி அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடுகிற மூச்சுக் காற்று. இது மூன்றும் வந்தால் சாப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்காரர் சர்வீஸில் இருந்தபோது எல்.டி.சி.யில் வடநாடு போய்விட்டு மூன்று வாரம் கழித்துக் குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தோம். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் என் கால் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பூட்டிய வீட்டில் எப்படி வந்தது என்று எங்கள் மாமியார் செய்வினை வரைக்கும் போய்விட்டார். அவை புதிதாக வரவில்லை, மூன்று வாரம் எங்களுக்காகக் காத்திருந்தன.

உண்ணியும் அப்படித்தான், வேறு வழியில். நம் ஊர் நாய் உண்ணி மூன்று தடவை நாய் மேல் ஏறி, மூன்று தடவை இறங்குகிற ஜாதி. ஆறு கால் குஞ்சாக ஏறிக் குடிக்கும், இறங்கித் தோல் உரிக்கும். எட்டுக் காலோடு மறுபடி ஏறும், இறங்கும். வளர்ந்தபின் மறுபடி. கடைசியில் பட்டாணி போல ஊதிய பெண் உண்ணி இறங்கிச் சுவரில் மேலே ஏறும். மேலே ஏறுவது அதன் குணம். ஜன்னல் சட்டத்தின் பிளவு, கதவு நிலை, மின்சாரப் பெட்டியின் பின்புறம், அங்கே போய் முட்டையிடும். ஒரே தடவையில் இரண்டாயிரம், மூன்றாயிரம், நாலாயிரம் கூட. முட்டையிட்டதும் செத்துவிடும். வளர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாமல் பல மாதம், ஒரு வருடம் கூடத் தாங்கும். டவுன்ஷிப்பின் பழைய குவார்ட்டர்ஸில் எத்தனை விரிசல் என்று அங்கே குடியிருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். இத்தனையும் வீட்டுக்குள் இருக்க, நாயை மட்டும் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? அவற்றின் தட்டு காலி. அடுத்த சூடான உடம்பு எது? பாப்பா. "முன்னாடி இப்படிக் கடிச்சதே இல்ல" என்றானே, காரணம் இதுதான். அதுவரை அந்தக் குழந்தைக்கு வர வேண்டிய கடியையெல்லாம் நாய் வாங்கிக்கொண்டிருந்தது.

அவன் செய்திருக்க வேண்டியது நேர் எதிரானது. நாய்க்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இப்போது வருகிற மாத்திரைகள், ஃப்ளுராலனர், அஃபாக்ஸோலனர் என்று மருத்துவர் எழுதுவார், நாயின் ரத்தத்தில் கலந்து ஒரு மாதம், சில மாத்திரை மூன்று மாதம் நிற்கும். பிடரியில் சொட்டுவிடும் ஃபிப்ரோனில் மருந்தும் உண்டு. மருந்து ஏறிய நாய் வீட்டில் நடமாடினால் விரிசலில் காத்திருக்கிற உண்ணியும் தெள்ளும் தாமாக வந்து அதன் மேல் ஏறும், கடிக்கும், சாகும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் வீடு தானாகக் காலியாகும். எலிக்குப் பொறி வைக்கிறோமே, உண்ணிக்கு நாய்தான் பொறி. இவன் பொறியைத் தூக்கி மந்தாரக்குப்பத்தில் எறிந்துவிட்டு எலி போகவில்லையே என்கிறான்.

அடுத்தது, பேப்பரில் வந்த "உண்ணிக் காய்ச்சல்". இதில் எனக்குக் கோபம் அதிகம். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலுக்கு நம் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. செய்திக்கு மேலே நாய் உண்ணியின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை. புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான ஒரு சிற்றுயிரின் குஞ்சு. அது எலி மேல் வளரும். கிருமியின் பெயரிலேயே ஜப்பானிய வார்த்தை இருக்கிறது, சுட்சுகமுஷி, 'முஷி' என்றால் பூச்சி. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எத்தனையோ வருடமாக இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். விடாத காய்ச்சல், தலைவலி, உடம்பில் மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. எல்லாருக்கும் பொருக்கு இருக்காது. இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்று பழைய மருந்துகளே கேட்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிருக்கே ஆபத்து. ஆகவே பயப்பட வேண்டியது உண்மைதான். பயப்பட வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும் குவார்ட்டர்ஸைச் சுற்றி ஆள் உயரம் மண்டியிருக்கும் புதர், அதில் ஓடும் எலி. அந்தப் புதரை வெட்டச் சொல்லி அவன் ஒரு மனு எழுதினானா? கேட்டேன். இல்லை.

நாய் உண்ணியால் மனிதனுக்கு ஒன்றுமே வராது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அபூர்வமாக வேறு ஒரு வகைக் காய்ச்சல் வரும். அதனால்தான் உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள் என்கிறேன். ஆயா காலத்தில் கல்லில் வைத்துத் தேய்த்தோம், சரி. இனி வேண்டாம். உண்ணியால் அதிகம் சாவது நாய்தான். ரத்தத்தில் கிருமி புகுந்து, காய்ச்சல் வந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வடிந்து சாகும். சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

பூச்சிக்குப் பயந்து தப்பான பிராணியைத் தண்டிப்பது பழைய கதை. 1665-இல் லண்டனில் பிளேக் வந்தபோது நாய்களையும் பூனைகளையும் கொல்ல நகர நிர்வாகம் உத்தரவு போட்டது. எலியைப் பிடிக்கிற பூனையே போய்விட்டது. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தபோது சுவருக்கும் சாக்கடைக்கும் மருந்து அடித்தார்கள், துணிகளைக் கொளுத்தினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1898-இல், கராச்சியில் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியிலிருந்து எலிக்கு நோயைக் கொண்டுபோவது தெள்ளு என்று பரிசோதனை செய்து காட்டினார். படித்தவர்களே பல வருடம் அவரை நம்பவில்லை. அதற்குள் செத்தவர்கள் லட்சக்கணக்கில். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பயத்தின் மிச்சம். அவர்களுக்குத் தெரியாது, மன்னிக்கலாம். உங்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

இனி அந்த வாட்ஸ்ஆப் வைத்தியம். "வயலுக்கு அடிக்கும் மருந்து ஒரு மூடி, ஒரு பக்கெட் தண்ணீர், நாயைக் குளிப்பாட்டவும், உண்ணி உதிரும்."

உதிரும். நான் பார்த்திருக்கிறேன்.

1989. எங்களிடம் மணி என்று ஒரு நாய். சித்திரை வெயில், உடம்பு முழுக்க உண்ணி. ஒரு மருந்துக்கடையில், பூச்சி மருந்துக் கடையைச் சொல்கிறேன், இதே மூடிக் கணக்கைத்தான் சொன்னார்கள். நான் அறிவியல் டீச்சர். பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தது, அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். இருந்தும் செய்தேன். மற்றவர்கள் எல்லாரும் செய்தார்களே என்று. குளிப்பாட்டின அரை மணியில் மணிக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பிறகு நடுக்கம். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அது தன் உடம்பை நக்கிக்கொண்டே இருந்தது, நக்க நக்க விஷம் உள்ளே போகிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கலாம். அட்ரோபின் ஊசி இதற்கு மாற்று என்று பின்னால் படித்தேன். சாயந்திரம் ஆறு மணிக்குப் போய்விட்டது. உண்ணிகள் அதற்கு முன்பே உதிர்ந்து தாழ்வாரத்தில் கிடந்தன. எங்கள் பெரியவனுக்கு அப்போது ஏழு வயது. "அம்மா, நீதானே குளிப்பாட்டின?" என்று ஒரு முறை கேட்டான், பிறகு கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை, வெட்கம். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அந்த மூடிக் கணக்கு கடையிலிருந்து செல்போனுக்கு ஏறிவிட்டது. அனுப்பினவன் அழிக்க வேண்டும். இன்றைக்கே.

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். கற்பூரம் விஷம். பூண்டு அரைத்துக் கொடுக்கச் சொல்லும் என் சின்ன அண்ணியாருக்கு மரியாதையோடு சொல்கிறேன், பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், ரசத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி. வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஒழிக்காது. பூனை வைத்திருக்கிறவர்கள் கவனம்: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துப்போகும். ஒரே பூச்சி, ஒரே மருந்து என்று நினைக்கக் கூடாது. பினாயிலும் பூனைக்கு ஆகாது.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என்ன பூச்சி என்று பாருங்கள். நாயைச் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், நாயின் ரத்தம்தான். கரையாவிட்டால் வெறும் மண், நம் ஊரில் நிலக்கரித் தூசியாகவும் இருக்கலாம். பேன்சீப்பில் மாட்டுகிற தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் தண்ணீரில் மிதக்கும். சவர பிளேடைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு சொட்டுச் சோப்பு விட்டதும் மூழ்கியதே, எட்டாம் வகுப்பில், கை தட்டினீர்களே, அதே பரப்பு இழுவிசைதான். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அதே தண்ணீரில் போடுங்கள். தீக்குச்சி வேண்டாம்.

நாயின் படுக்கையை வாரம் ஒரு தடவை வெந்நீரில் துவைத்து நடுவெயிலில் போடுங்கள். புழு வெயிலில் காய்ந்து செத்துவிடும், நெய்வேலி வெயிலுக்கு ஒரு நல்ல உபயோகம். கட்டிலை நகர்த்திப் பெருக்குங்கள். சுவர் விரிசலை, கதவு நிலை இடுக்கை வெள்ளைச் சிமெண்டால் அடையுங்கள். வாசலில் புதர் வெட்டுங்கள், எலி வளையை மூடுங்கள். மருந்தை எடை பார்த்து மருத்துவர் சொல்கிறபடி கொடுங்கள், உண்ணி தெரியவில்லை என்று ஒரே மாதத்தில் நிறுத்தாதீர்கள். கூட்டில் இருக்கிறவை பிறகுதான் வெளியே வரும்.

"மாத்திரை விலை தெரியுமா டீச்சர்?" தெரியும். ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் தலை குனிகிறேன், அவருக்குக் கால்நடை மருந்தகம் இருக்கிறது, ஊசி போடுவார்கள், கூட வருகிறேன். ஓய்வுபெற்று, பணிக்கொடை வாங்கி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ அபார்ட்மெண்டுக்குப் போகிறவர்கள் கேட்கக் கூடாது. லாரியில் கிழிந்த பாய் வரை ஏறும், பன்னிரண்டு வருடம் வாசலில் படுத்த நாய் ஏறாது. கேட்டால் "உண்ணி சார், அங்க ஒத்துக்க மாட்டாங்க". அந்த நாய் பூட்டிய கேட்டின் முன்னால் எத்தனை நாள் படுத்திருக்கும் என்று காலை நடைக்குப் போகிற என்னைக் கேளுங்கள். பிராணியைப் பட்டினிக்கு விட்டுப் போவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்திலிருந்து ஐம்பது ரூபாய். இரண்டு டீ, இரண்டு வடை.

"குழந்தை முக்கியமா, நாய் முக்கியமா?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: குழந்தைதான். அந்தக் குழந்தையைக் கடிக்கவிட்டது யார் என்று மேலே மறுபடி படித்துவிட்டு வாருங்கள்.

நாய் என் வீட்டில்தான் இருக்கிறது. முதல் நாள் எண்ணியபோது 140 உண்ணி, அதற்குமேல் எண்ணவில்லை. மாத்திரை போட்டு மூன்றாம் நாளிலிருந்து உதிர்கிறது. காது ஆறிவிட்டது. சாயந்திரம் டவுன்ஷிப் பஸ் வருகிற நேரத்துக்குக் கேட் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு எழுபத்தொன்று வயது, இழுத்தால் என்னால் தாங்க முடியாது, சொல்லிவிட்டேன்.

தம்பி, அடுத்த மாத்திரை தேதி 14. அதற்கு முன் ஒரு ஞாயிறு வா. இரண்டு கிலோ வெள்ளைச் சிமெண்ட் வாங்கி விரிசலை அடைத்துவிட்டு வா. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பட்டையை எடுத்துவர மறக்காதே.